‘என் பிள்ளை என்ன பாவம் செஞ்சான்?’ என்று கேட்கும் வீட்டுக்குப் போவது எப்படி

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், யார் வீட்டிலாவது குழந்தைக்குப் பெரிய வியாதி என்று தெரிந்தால், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்த கையோடு நாலு பேர் சேர்ந்து “ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்” என்று கிளம்பிவிடுவோம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபமாலை எல்லாம் கையில் இருக்கும். போய் என்ன பேசுவது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வருவோம். நானும் அப்படிப் போய் வந்தவள்தான். அப்புறம் என் அக்கா மகனுக்கே 5 வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டரை வருஷம் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், வருகிறவர்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் எங்கே போய்த் தைக்கிறது என்று பார்த்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினாலும், துக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

முதலில் உங்களுக்குள் ஒன்றைத் தீர்த்துக்கொண்டு போங்கள்

வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே இது உங்கள் மனதில் தீர்ந்திருக்க வேண்டும்: இந்த நோய் தண்டனை இல்லை. குழந்தை செய்த எதற்கும் இல்லை, அப்பன் குடித்ததற்கும் இல்லை, அம்மா காதல் கல்யாணம் செய்ததற்கும் இல்லை, பாட்டன் காலத்துச் சாபமும் இல்லை. இதில் பாதி சந்தேகம் உங்களுக்கு இருந்தால்கூட அது முகத்தில் தெரிந்துவிடும், பெற்றவள் அதை ஒரு நொடியில் படித்துவிடுவாள்.

இது நானாகச் சொல்வது இல்லை. யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையில் கேட்கிற அதே கேள்வி. இரண்டும் இல்லை என்கிறார் ஆண்டவர். கடவுளின் செயல் இவரிடம் வெளிப்பட வேண்டும் என்று அடுத்து ஒரு வார்த்தை வரும், அதைப் பிடித்துக்கொண்டு ‘அப்படியானால் கடவுள் தன் மகிமைக்காகத்தான் இவரைக் குருடாக்கினாரா’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. அதைத் தொடர்ந்து வரும் வரிகளையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் குறையும்: ஆண்டவர் தரையில் துப்பி, சேறு குழைத்து, தன் கையாலேயே அவர் கண்ணில் பூசுகிறார். காரணம் யார் என்று தேடியவர்களுக்கு நடுவில் அவர் வேலையில் இறங்கிவிட்டார். லூக்கா 13இலும் இதே விஷயம். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லவே இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

சரி, தண்டனை இல்லையென்றால் ஏன் வந்தது? இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அவசரப் பதில் எதுவும் போதாது, கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் சேர்ந்துதான் பதில் என்கிறது (எண் 309). அவ்வளவு பெரிய நூலே அப்படிச் சொல்லும்போது, வார்டு நடையில் நின்றுகொண்டு நாம் இரண்டு நிமிஷத்தில் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம்

குற்றம் எதுவும் செய்யாமலே பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் கதை நமக்குத் தெரியும், ஆனால் அந்த மூன்று நண்பர்கள் வந்த முதல் வாரத்தை நாம் கவனிப்பது இல்லை. அவர்கள் வந்தார்கள், அழுதார்கள், 7 நாள் 7 இரவு அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், அவருடைய துயரத்தின் அளவைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சரியாக இருந்தது. வாயைத் திறந்து, கடவுள் நியாயமானவர், அதனால் நீ ஏதோ செய்திருக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தபோதுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது தன்னிடம் சண்டை போட்ட யோபுவின் மேல் இல்லை. தனக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்கள் மேல்தான். யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். ஆறுதல் சொல்லக் கிளம்பும் ஒவ்வொருவரும் யோபு 42:7ஐ ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பலாம்.

அக்கா வீடு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய லைன் வீடு. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, தோட்ட வேலைக்குப் போகிறவர், எங்கள் சபைகூட இல்லை. பையனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்திருக்கும் நாட்களில், காப்பிப் பழம் பறித்துவிட்டு, விரலெல்லாம் பிசுக்கும் கறையுமாக, மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணியைக் கழற்றி வெளியே தொங்கவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்காருவார். முறத்தை எடுத்து வெங்காயம் உரிப்பார். கிடக்கிற பாத்திரத்தை விளக்குவார். “வரட்டுமா கண்ணு” என்பார், போய்விடுவார். அவர் ஒரு நாள் வரவில்லை என்றால் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

என்ன சொல்லக் கூடாது

இவை எல்லாம் எங்கள் வீட்டில் எங்கள் காதால் கேட்டவை. ‘ஆண்டவர் சோதிக்கிறார்.’ ‘தாங்குற சக்தி உனக்கு இருக்குன்னு தெரிஞ்சுதான் கொடுத்திருக்கார்.’ (இதைக் கேட்டுவிட்டு அக்கா ராத்திரி என்னிடம், நான் பலவீனமாக இருந்திருந்தால் பிள்ளை தப்பித்திருப்பானா என்று கேட்டாள்.) ‘விசுவாசம் பத்தல, முழங்கால் போட்டு ஜெபி.’ ‘இன்னும் சின்ன வயசுதானே, இன்னொன்னு பெத்துக்கலாம்.’ சாவுக்கு அப்புறம் ‘ஆண்டவர் தோட்டத்துக்குப் பூ தேவைப்பட்டுச்சு, பறிச்சுக்கிட்டார்.’ இந்தக் கடைசி வாசகத்தைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார்கள். ஆனால் பெற்றவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்: தன் தோட்டத்துக்கு அழகு சேர்க்க என் தோட்டத்தைப் பிடுங்கினவர் என்றுதானே கேட்கும்?

நானும் ஒன்று சொன்னேன். நோய் உறுதியான அன்று, “எல்லாம் நல்லதுக்குத்தான் இருக்கும்க்கா” என்றேன். அவள் பதில் பேசாமல் எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். குழாயை மூடவே இல்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்னொன்று, ‘உன் வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு’ என்பது. தன் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்ப்பது நம் விசுவாசத்தில் உண்மையிலேயே பெரிய விஷயம், பவுல் கொலோசையர் 1:24இல் அதைத்தான் எழுதுகிறார். ஆனால் பவுல் எழுதியது தன் துன்பத்தைப் பற்றி. படுத்திருப்பவரோ பெற்றவளோ தானாகச் சொன்னால் அது காணிக்கை. நல்ல உடம்போடு நிற்கிற நாம் அடுத்தவரிடம் சொன்னால், அவர்கள் வலியைத் தட்டில் வைத்து நாம் நீட்டுவது போல ஆகிவிடும். அவர்களாகச் சொல்லும்வரை நாம் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் சொல்வது? “வந்துட்டேன்க்கா.” “சாப்பிட்டீங்களா?” “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.” பையனின் பெயரைச் சொல்லி அவனிடமே பேசுங்கள், பெரியவர்கள் தலைக்கு மேல் பேசிக்கொண்டிருக்க அவன் கேட்டுக்கொண்டிருக்கும்படி விடாதீர்கள். எங்கள் பையனிடம் நோயைப் பற்றிக் கேட்காமல் “எத்தனாவது வளைவுல தூங்கின?” என்று கேட்டவர்களை அவனுக்குப் பிடிக்கும். அவன் எண்ணுவான். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஊசி மருந்து ஏறிய வயிற்றோடு ஒவ்வொன்றையும் எண்ணுவான், மடியில் பாலிதீன் கவரோடு.

போனால் கையால் செய்ய வேண்டியவை

சளி, இருமல், காய்ச்சல் எது இருந்தாலும் போகாதீர்கள், போனில் விசாரித்தால் போதும். இந்த மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கிப்போய் இருக்கும், நமக்குத் தும்மலோடு போவது அவர்களுக்கு ஐசியூ வரை போகும். கையைக் கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள், கன்னத்தில் முத்தம் வேண்டாம், பூங்கொத்து வேண்டாம், கடையில் நறுக்கிய பழம் வேண்டவே வேண்டாம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் வேண்டாம், வேலை செய்ய வந்திருந்தால் ஒழிய.

வேலை என்றால் நிறைய இருக்கிறது. இரத்தம் தேவைப்படும், தட்டணுக்கள் தேவைப்படும், பங்கில் இருக்கிற இளைஞர்களில் யாருக்கு என்ன குரூப் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் நடு ராத்திரியில் அந்த அப்பா பத்துப் பேருக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டி இருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆனால் அதற்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று அலைய ஆள் வேண்டும், பிள்ளையை விட்டு நகர முடியாதவர்களால் அது ஆகாது. நீங்கள் அலையுங்கள். மற்ற பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வாருங்கள். நோய் வந்த வீட்டில் நோய் இல்லாத பிள்ளையை யாரும் பார்ப்பது இல்லை. உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் 7, ஆன்மா சார்ந்தவை 7 என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோமே, அவை ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படித்தான் இருக்கும். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தான் சுடப்பட்டு மூன்று வருஷம்கூட ஆகாத நிலையில், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி ஒரு திருமடல் எழுதினார். வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியர் உவமையில் அது வந்து நிற்கிறது. துன்பம் உலகில் அன்பை அவிழ்த்துவிடுகிறது, அடுத்தவருக்காக ஓடுகிற ஓட்டத்தைப் பிறப்பிக்கிறது என்கிறார்.

இதோடு ஒரு கண்டிப்பான விஷயம். ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர் அக்காவிடம், மாத்திரை கொடுப்பது அவிசுவாசம், நிறுத்திவிட்டு 21 நாள் உபவாசம் இருந்தால் சுகம் என்றார். அப்படி யாராவது சொன்னால் அந்த வீட்டுக்காக நீங்கள் எதிர்த்து நில்லுங்கள். நம் விவிலியத்தில் சீராக் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தைப் பூமியிலிருந்து படைத்தவர் ஆண்டவர் என்கிறது, ஜெபிக்கவும் சொல்கிறது, மருத்துவரை விலக்காதே என்றும் சொல்கிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டும் இருக்கின்றன.

அவர்கள் ஆண்டவரோடு சண்டை போட்டால்

இரண்டாவது முறை நோய் திரும்பி வந்தபோது, அக்கா வீட்டில் மாட்டியிருந்த இறை இரக்க ஆண்டவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். பின்பக்க அட்டையும் துருப்பிடித்த ஆணியும்தான் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் பதறிப்போய் அதை நேராக்கினார். அவர் போனதும் அக்கா மறுபடி திருப்பினாள்.

நேராக்காதீர்கள். சங்கீதப் புத்தகத்தில், அதாவது திருப்பாடல்களில், கணிசமான பகுதி இப்படிப்பட்ட சண்டைதான். 13ஆம் திருப்பாடல் ‘எத்தனை காலம் ஆண்டவரே’ என்று தொடங்குகிறது. 88ஆம் திருப்பாடல் புலம்பலில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூடக் கடைசியில் வராது, அதையும் திருச்சபை ஜெபமாக வைத்து வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் குருக்களும் கன்னியரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். சிலுவையில் ஆண்டவரே 22ஆம் திருப்பாடலின் முதல் வரியைத்தான் கத்தினார்: ஏன் என்னைக் கைவிட்டீர்? பாவமே இல்லாதவர் பட்ட பாடு அது. பெற்றவள் கோபத்தில் கத்தினால் அவள் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, ஆள் இருக்கிறார் என்று நம்புவதால்தான் கத்துகிறாள். அவளோடு சேர்ந்து 88ஐ வாசிக்கலாம், அவள் கேட்டால். நான் அப்படி ஒருநாள் வாசித்தேன். முடிந்ததும், “இதுவும் பைபிள்லயா இருக்கு?” என்றாள்.

படம் எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் போனேன், நேராக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

‘இரக்கமாயிரும்’ என்பதன் பொருள்

இறை இரக்க ஜெபமாலை சொல்லப் போகும் எல்லாரும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி உங்களிடமும் வரும்: “இரக்கமாயிரும், இரக்கமாயிரும்னு கெஞ்சறதுக்கு அவன் என்னடி தப்பு செஞ்சான்?” இரக்கம் என்றால் குற்றவாளிக்கு நீதிபதி காட்டும் சலுகை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய ஏற்பாட்டில் கடவுளின் இரக்கத்துக்கு வரும் எபிரேயச் சொற்களில் ஒன்று ‘ரஹமிம்’. ‘ரெஹெம்’ என்றால் கருப்பை, அதிலிருந்து வந்த சொல் அது. நம் பேச்சில் இதற்கு நேரான வார்த்தை ஏற்கனவே இருக்கிறது: பெற்ற வயிறு. ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று சாவு வீட்டில் அழுகிறோமே, அதுதான். ‘என் பிள்ளைமேல் இரக்கமாயிரும்’ என்று சொல்வது, ‘உமக்கும் பெற்ற வயிறுதானே, பாரும்’ என்று சொல்வது போல. மன்னிப்புக் கேட்பதும் அந்த ஜெபத்துக்குள் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை.

லூக்கா 7இல் நயீன் ஊர்க் கைம்பெண்ணைப் பாருங்கள். ஒரே மகன், பாடை ஊர் வாசலைத் தாண்டி வருகிறது. அவள் எதுவும் கேட்கவில்லை. விசுவாசம் இருக்கிறதா என்று ஆண்டவரும் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவருக்குக் குடல் கலங்கியது, மூல கிரேக்கச் சொல் கிட்டத்தட்ட அப்படித்தான், பாடையைத் தொட்டு நிறுத்தினார். எங்கள் பாடையை அவர் நிறுத்தவில்லை. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் தன் மகனின் சிலுவையையும் அந்தத் தந்தை நிறுத்தவில்லை, அந்த வயிறும் எரிந்தது என்பதை நான் நம்புகிறேன், முழுதாக நம்புகிறேன்.

ஜெபமாலையைச் சொல்லும் முறை

இதைத் தந்த புனித பவுஸ்தீனாவைப் பற்றிக் கொஞ்சம். 1905இல் போலந்தில் ஏழை வீட்டில் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது, மூன்று வருஷம்கூடச் சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவர், மடத்தில் சமையல்கட்டிலும் தோட்டத்திலும் வாசல் காவலிலும் வேலை செய்தவர். 1931 பிப்ரவரி 22 அன்று, நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறியதுமாக இரண்டு கதிர்கள் வரும் ஆண்டவரைக் கண்டார். ஈட்டியால் குத்தியபோது வந்த இரத்தமும் தண்ணீரும் அவை. அந்தக் காட்சியைப் படமாக வரைந்து, அடியில் ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்று எழுதும்படி ஆண்டவர் சொன்னார். 1935 செப்டம்பரில் வில்னியுஸ் நகரில் பவுஸ்தீனா இந்த ஜெபமாலையைப் பெற்றார். 1938 அக்டோபர் 5 அன்று, 33 வயதில், காசநோயால் இறந்தார். இதை நான் அக்காவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தாள். இரக்கத்தின் செய்தியை உலகத்துக்குக் கொண்டுவந்தவரே இருமி இருமித்தான் செத்தார் என்பது அவளுக்கு, மற்ற எல்லா ஆறுதலையும்விட, நம்பக்கூடியதாக இருந்தது.

சாதாரண 53 மணி ஜெபமாலை போதும். சிலுவை அடையாளம் போட்டு, பரலோக மந்திரம் ஒன்று, அருள் நிறைந்த மந்திரம் ஒன்று, விசுவாசப் பிரமாணம் ஒன்று. பெரிய மணியில், நித்திய பிதாவே, எங்கள் பாவங்களுக்காகவும் அகில உலகின் பாவங்களுக்காகவும் உம் அன்பு மகனும் எங்கள் ஆண்டவருமான இயேசு கிறிஸ்துவின் திருவுடலையும் திரு இரத்தத்தையும் ஆன்மாவையும் இறைத்தன்மையையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சின்ன மணி பத்திலும் ஒருவர் ‘இயேசுவின் வேதனை நிறைந்த பாடுகளைக் குறித்து’ என்பார், மற்றவர்கள் ‘எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும்’ என்பார்கள். இப்படி 5 பத்து. முடிவில், தூய இறைவா, தூய எல்லாம் வல்ல இறைவா, தூய நித்திய இறைவா, எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும் என்று 3 முறை. பங்குக்குப் பங்கு ஓரிரு சொல் மாறும், பரவாயில்லை. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டவர் இறந்த மதியம் 3 மணிதான் இதற்கு உரிய நேரம், வார்டில் பார்வையாளர்களை விடாத நேரமாக இருந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

மூன்று விஷயம் கவனியுங்கள். மெல்லிய குரலில் சொல்லுங்கள், பக்கத்துக் கட்டிலில் தூங்கும் குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பெற்றவளை முன்னால் சொல்லச் சொல்லாதீர்கள், அவளால் முடிந்தால் பதில் மட்டும் சொல்லட்டும், அதுவும் முடியாவிட்டால் நாம் அவளுக்காகச் சொல்கிறோம். குழந்தைக்கு அலுத்தால் ஒரு பத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சாமியாரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்

நோயில் பூசுதலை, அதாவது குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்கை, நம் பெரியவர்கள் இன்னும் ‘அவஸ்தை’ என்றுதான் சொல்கிறார்கள், அதனால் ஃபாதர் எண்ணெயோடு வந்தாலே வீடு அலறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் சடங்குமுறை திருத்தப்பட்டபோதே இது சாகப் போகிறவருக்கு மட்டும் உரியது இல்லை, கடுமையாக நோயுற்ற எவருக்கும் உரியது என்று தெளிவாகிவிட்டது. விவரம் புரியும் வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம், மறுபடியும் பெறலாம். ஆபத்தான நிலையில் இருக்கும் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்க, அதாவது புதுநன்மைக்கு, வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இது சாதாரண அப்பம் இல்லை, ஆண்டவர் என்று தெரிந்தால் போதும். எங்கள் பையன் கட்டிலிலேயே புதுநன்மை வாங்கினான். அதற்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை அதற்குள் அவனுக்குப் பெரிசாகிவிட்டிருந்தது, முழங்கை வரை மடித்துவிட்டோம், ஊசி ஒட்டிய டேப் தெரிந்தது. “சித்தி, இனிமே நானும் பெரிய ஆளா?” என்றான்.

பிறந்த குழந்தை இன்குபேட்டரில் இருந்து நிலைமை மோசமென்றால், ஃபாதர் வரும்வரை காத்திருக்காதீர்கள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாத நர்ஸ்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும்: குழந்தையின் பெயரைச் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றியபடி, ‘தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்.’ சொட்டுத் தண்ணீர் போதும், தலையில் ஓடினால் சரி. பிறகு பங்கில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதற்கும் முன்பே குழந்தை போய்விட்டால், ஞானஸ்நானம் பெறாத குழந்தை மோட்சம் சேராமல் லிம்போ என்ற இடத்துக்குப் போகும் என்று பாட்டி யாராவது சொல்லிக் கலவரப்படுத்துவார். லிம்போ ஒருபோதும் கட்டாய விசுவாசப் பொருளாக இருந்தது இல்லை. குழந்தைகளை என்னிடம் வர விடுங்கள் என்றவரின் இரக்கத்தில் அந்தக் குழந்தையை ஒப்படைத்து நம்பிக்கையோடு இருக்கச் சொல்கிறது மறைக்கல்வி (எண் 1261), 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையமும் அந்த நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை உண்டு என்று விரிவாக எழுதியது. இதைப் பெற்றவளிடம் அன்றே சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாரும் போன பிறகு

அடக்கத்துக்கு ஊரே வரும். முப்பதாம் நாள் பூசை வரை ஆள் இருக்கும். அதற்கப்புறம்தான் உங்கள் வேலை. கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, முந்தின நாளே போய்ப் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். ஏற்காட்டில் நவம்பர் மழையில் மெழுகுதிரி நிற்காது, அரை அடிக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று கொண்டுபோங்கள். பிறந்தநாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்று அவன் பெயருக்கு ஒரு பூசை எழுதி வைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் அழுதுவிடுவார்களோ என்று நாம் பெயரையே எடுக்காமல் இருக்கிறோம், பெற்றவர்களோ யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள்.

முதல் கிறிஸ்துமஸ் மிகவும் கஷ்டம். குடில், குழந்தை, பாட்டு, எல்லாமே குத்தும். அக்கா அந்த வருஷம் சேலம் அரிசிபாளையத்தில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள், யாரும் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. ஏரோது பெத்லகேமில் வெட்டிய பிள்ளைகளின் நாள். அன்று வாசிக்கும் நற்செய்தியில் ராகேல் தன் குழந்தைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் குழந்தைகள் இல்லை. மத்தேயு அவளுக்கு எந்தச் சமாதானமும் சொல்லாமல் அங்கேயே விட்டுவிடுகிறார், திருச்சபையும் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு நடுவில் அதை அப்படியே வாசிக்கிறது. அந்த வீட்டாருக்கு வரத் தோதான பூசை இதுதான். அழைத்துப் போங்கள், பின் பெஞ்சில் ஓரமாக உட்காருங்கள், பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு; அதற்கு முந்தின நவநாள், அதாவது ஒன்பது நாள் ஜெபம், பெரிய வெள்ளியன்று தொடங்கும், அதன் ஆறாம் நாள் சிறு குழந்தைகளின் ஆன்மாக்களுக்கு உரியது; அந்த நாளுக்கும் கூப்பிடுங்கள்.

அக்கா இப்போதும் மாதம் ஒருமுறை அந்த வார்டுக்குப் போகிறாள், ஃபிளாஸ்க்கில் காப்பியும் ரஸ்க்கும் எடுத்துக்கொண்டு, இரவு விழித்திருக்கும் அம்மாக்களுக்காக. திரும்பும்போது அடிவாரம் தாண்டியதும் ஜெபமாலையை எடுப்பாள். 20 வளைவு, 5 பத்து. நாலு வளைவுக்கு ஒரு பத்து என்று பையன் இருந்தபோது போட்ட கணக்கு. நானும் சில சமயம் கூடப் போவேன். பஸ் திரும்புகிற வேகத்தில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்பாதியைச் சொல்வாள், அப்புறம் நிறுத்திக் காத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பின்பாதியைச் சொல்ல வேண்டும், அவளுக்குக் கேட்கிற அளவுக்கு.